மூச்சும் ஒரு சிறுசொல்லும்

ஆங்கிலம் பயில்வோர்க்கு இடர் தருவன நீண்ட சொற்களே என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. நீண்ட சொல்லுக்கு அகராதி துணை நிற்கிறது; புரட்டிப் பார்த்துப் பொருள் தெளியலாம். நம்மை வழுக்கி விழச் செய்வன 'இன்', 'அவுட்', 'அப்', 'ஆஃப்' போன்ற சின்னஞ்சிறு சொற்களே. தனித்து நிற்கையில் இவை மிக எளியவை. ஒரு வினைச்சொல்லின் பக்கத்தில் வந்து நின்றதும் அவ்வினையின் போக்கையே மாற்றிவிடுகின்றன. இவ்வாறு வினையும் சிறுசொல்லும் கூடி ஒரு பொருள் தரும் தொடரை ஆங்கில இலக்கணத்தார் 'பிரேஸல் வெர்ப்' என்று வழங்குவர். லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேர்ட்ஸ் அண்டு இடியம்ஸ்' என்னும் நூலின் வாயிலாக இப்பெயர் பரவலாயிற்று. நாம் இதனைத் 'தொடர்வினை' என்று சொல்லிக்கொள்வோம்.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட தொடர்வினை 'பிரீத் இன்' என்பது. அதன் இணை 'பிரீத் அவுட்'. முன்னது மூச்சை உள்ளே இழுத்தலையும், பின்னது மூச்சை வெளியே விடுதலையும் குறிக்கும். 'பொருள் இவ்வளவுதானே, இதற்கென ஒரு பேச்சும் வேண்டுமோ?' என்று நேயர்கள் வினவலாம். வேண்டும் என்றே நாம் கருதுகின்றோம். பரீட்சைத் தாளில் இச்சொற்களைப் பிழைபட எழுதினால் ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவே. ஆனால் இச்சொற்களை நாம் மிகுதியாகக் கேட்கும் இடம் பள்ளிக்கூடம் அன்று, மருத்துவமனை. அங்கே பிழைபடக் கேட்டால் குறைவது மதிப்பெண் மட்டும் அன்று.

நம் நாட்டின் நிலையைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தில்லி, மும்பை, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என எங்கெங்கும் தமிழர் வாழ்கின்றனர். முதுமையில் மக்களோடு வந்து தங்கிய பெற்றோரும் உளர். நோய் வந்தால், நோயாளி தமிழர். எக்ஸ்ரே படம் எடுப்பவர் பஞ்சாபியராகவோ வங்காளியராகவோ இருப்பார். இருவருக்கும் பொதுவாக எஞ்சுபவை நாலைந்து ஆங்கிலச் சொற்கள்தாம். அவற்றுள் முதன்மையானவை இவை: 'பிரீத் இன்', 'ஹோல்டு இட்', 'பிரீத் அவுட்'. அஃதாவது, மூச்சை உள்ளே இழுங்கள், அப்படியே நிறுத்துங்கள், இனி வெளியே விடுங்கள்.

மார்பின் எக்ஸ்ரே படத்தை, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து நிறுத்திய நிலையில் எடுப்பதே வழக்கம். அப்போது வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானம் கீழிறங்குகிறது; நுரையீரல் விரிகிறது; அதன் அடிப்பகுதி வரை படத்தில் தெளிவாகத் தெரிகிறது. மூச்சை வெளியே விட்ட நிலையில் படம் எடுக்க நேர்ந்தால், நுரையீரல் சுருங்கித் தோன்றும். அதன் அடிப்பகுதி மங்கிக் காணும். இதயமோ உள்ளதைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும். நோயில்லாத இடத்தில் நோய் இருப்பது போன்ற மயக்கம் உண்டாகலாம். 'இன்' என்பதற்கும் 'அவுட்' என்பதற்கும் உள்ள வேற்றுமை இங்கே படத்தின் மீதே பதிந்துவிடுகிறது.

இனி, தமிழராகிய நாம் இத்தொடரில் தடுமாறுவதற்குரிய காரணத்தை ஆராய்வோம். 'பிரீத்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் நாம் தயங்காது 'மூச்சு விடு' என்போம். அது சரியான விடையே. 'குழந்தை மூச்சு விடுகிறதா?' என்று கேட்கும்போது, உள்ளே இழுப்பது, வெளியே விடுவது ஆகிய இரண்டையும் சேர்த்தே கேட்கின்றோம். ஆயினும் அச்சொல்லின் வடிவைக் கூர்ந்து நோக்குங்கள். 'விடு' என்பது வெளியேற்றுதலைக் காட்டும் வினை. சுவாசம் முழுவதற்கும், அது வெளியேறும் பாதியைக் கொண்டே நம் மொழி பெயரிட்டிருக்கிறது.

இந்தியைப் பாருங்கள். அங்கே சுவாசித்தலுக்குப் பொதுவான பெயர் 'ஸான்ஸ் லேனா'. 'லேனா' என்றால் எடுத்துக்கொள்ளுதல். அவர்கள் அதே செயலுக்கு, மூச்சு உள்ளே வரும் பாதியைக் கொண்டு பெயரிட்டனர். வெளியே விடுதலைத் தனியே சொல்ல வேண்டுமாயின் 'ஸான்ஸ் சோட்னா' என்பர். கன்னடமோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 'உசிராடு' என்பது அம்மொழியின் சொல். 'உசிர்' என்பது நம் 'உயிர்' என்பதன் உடன்பிறப்பு. 'ஆடு' என்பது இயங்குதல். வருவதும் போவதுமாகிய ஆட்டம் முழுவதையும் அச்சொல் ஒருங்கே காட்டுகிறது.

இப்போது, இந்தி பேசும் ஒருவர் படக்கருவியின் அருகே நின்று, சிறுசொல்லை விட்டுவிட்டு, வெறுமனே 'பிரீத்!' என்று மட்டும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் உள்ளத்தில் இருப்பது 'ஸான்ஸ் லோ', அஃதாவது 'மூச்சை எடு'. அதனைக் கேட்கும் தமிழ் முதியவர் உள்ளத்தில் எழுவது 'மூச்சை விடு'. சொன்னவரும் பிழை செய்யவில்லை. கேட்டவரும் பிழை செய்யவில்லை. எனினும் ஒருவர் உள்ளே என்று கருதியதை மற்றவர் வெளியே என்று செய்து முடிக்கிறார். ஆங்கிலத்தில் 'பிரீத்' என்னும் வினை திசையற்றது. திசையைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் 'இன்', 'அவுட்' என்னும் சிறுசொற்களின் தலைமேல் இருக்கிறது. ஆகவே அவற்றை விழுங்கிவிடாமல் சொல்வதும், அவற்றுக்காகக் காத்திருந்து கேட்பதும் இன்றியமையாதன.

தமிழில் இதனை மொழிபெயர்க்கும்போதும் ஒரு கவனம் தேவை. 'எடு', 'வாங்கு' என்பன ஒரே பொருளுடையன போலத் தோன்றுவதால், 'பிரீத் இன்' என்பதை 'மூச்சு வாங்கு' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 'அவருக்கு மூச்சு வாங்குகிறது' என்றால், படியேறி வந்து இரைக்கிறது என்பதன்றோ பொருள்? 'மூச்சு இழுக்கிறது' என்றாலோ கேட்டவர் பதறிப்போவர். எனவே 'மூச்சை உள்ளே இழுங்கள்' என்று 'உள்ளே' என்னும் சொல்லையும் சேர்த்துச் சொல்வதே தமிழுக்குப் பொருந்தும். ஆங்கிலச் சிறுசொல் செய்யும் வேலையைத் தமிழில் 'உள்ளே', 'வெளியே' என்பவை செய்கின்றன.

அடுத்து, ஒலியும் எழுத்தும் பற்றிச் சிறிது கூறுவோம். 'பிரெத்' என்பது பெயர்ச்சொல். மூச்சு என்று பொருள். 'பிரீத்' என்பது வினைச்சொல். சுவாசி என்று பொருள். பெயரில் உயிரொலி குறுகியும், வினையில் நெடிதாகவும் ஒலிக்கும். ஈற்றொலியும் வேறுபடும். வினையின் ஈறு நம் 'அது' என்னும் சொல்லில் வரும் தகரம் போன்று மென்மையாக அதிர்ந்து ஒலிப்பது. பெயரின் ஈறு அதிர்வின்றி, நாவின் நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைத்துக் காற்றை மட்டும் விடுவதால் பிறப்பது. எழுத்தில் இரண்டுக்கும் வேற்றுமை, வினையின் இறுதியில் வரும் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து ஒன்றே. அவ்வெழுத்தை விட்டு, 'பிரீத் இன்' என்பதற்குப் பதிலாக 'பிரெத் இன்' என்று எழுதுதல் மிகப் பரவலாகக் காணும் பிழை. இறந்த காலத்தில் சொல்லும்போது மாற்றம் வினைக்கே உரியது, சிறுசொல் மாறாது. 'ஷி பிரீத்ட் இன்' என்றால், அவள் மூச்சை உள்ளே இழுத்தாள் என்பது பொருள்.

இத்தொடர்வினை செயப்படுபொருள் இன்றியும் வரும், செயப்படுபொருளோடும் வரும். 'பிரீத் இன் ஸ்லோலி' என்றால், மெல்ல மூச்சை உள்ளே இழு. இங்குச் செயப்படுபொருள் இல்லை. 'பிரீத் இன் த ஸ்மோக்' என்றால், புகையை உள்ளே இழு. இங்குப் 'புகை' செயப்படுபொருள். அதனையே 'பிரீத் த ஸ்மோக் இன்' என்று, பொருளை நடுவில் வைத்தும் சொல்லலாம். ஆனால் புகையின் பெயரைச் சொல்லாமல் 'அதனை' என்று சுட்டும்போது விருப்பம்போல் வைக்க இயலாது. 'பிரீத் இட் இன்' என்றே சொல்ல வேண்டும். சுட்டுப்பெயர் நடுவில்தான் நிற்கும்.

இடம் மாற்றி 'பிரீத் இன் இட்' என்று சொன்னால் என்ன ஆகும்? பொருளே வேறாகிவிடும். 'அதனை உள்ளிழு' என்பது போய், 'அதனுள் இருந்து மூச்சு விடு' என்றாகும். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் பொருட்டு நாமெல்லாம் முகக்கவசம் அணிந்தோம். அப்போது ஒருவர் கவசத்தைச் சுட்டி, 'ஐ கான்ட் பிரீத் இன் இட்' என்று கூறியிருந்தால், 'இதற்குள் என்னால் மூச்சு விட முடியவில்லை' என்பது பொருள். அங்கே 'இன்' என்பது வினையோடு சேர்ந்த சிறுசொல் அன்று. நம் ஏழாம் வேற்றுமை உருபு போன்று இடத்தைக் காட்டுவது. கேட்கும் செவிக்கு இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தொடர்வினையாயின் 'இன்' என்பதை அழுத்திச் சொல்வர்; இடம் காட்டுவதாயின் அழுத்தமின்றி விரைந்து கடப்பர்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சில இடங்களில் 'இன்' இல்லாமலே 'பிரீத்' என்னும் வினை உள்ளிழுத்தலைக் குறிக்கும். பூச்சிக்கொல்லி மருந்து, அமிலம், வண்ணப்பூச்சு முதலியவற்றின் கலங்களில் 'டூ நாட் பிரீத் வேப்பர்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். இங்கே 'ஆவி' என்பது செயப்படுபொருளாக வந்திருப்பதால், 'ஆவியை உள்ளிழுக்காதீர்' என்பதே பொருள். காற்று, தூசு, புகை, ஆவி என ஏதேனும் ஒன்று செயப்படுபொருளாய் வந்தால், 'பிரீத்' தனித்து நின்றே பெரும்பாலும் உள்ளிழுத்தலைச் சொல்லிவிடும். 'பிரீத் என்றால் மூச்சு விடு' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் இந்த எச்சரிக்கையைப் படித்தால் பொருள் விளங்காமல் நிற்பான். வயலில் மருந்து தெளிக்கும் தந்தைக்கு அதனைப் படித்துச் சொல்ல வேண்டியவனும் பல வீடுகளில் அம்மாணவனே.

'இன்' என்பதற்கு நெருங்கிய உறவாகத் தோன்றி, நேர்மாறான பொருள் தருவது 'இன்டு' என்பது. 'பிரீத் இன்' என்றால் காற்று நமக்குள் வருகிறது. 'பிரீத் இன்டு த டியூப்' என்றால் காற்று நம்மிடமிருந்து குழாய்க்குள் செல்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைச் சோதிக்கும் போக்குவரத்துக் காவலர் கூறுவது இதுவே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருத்தல் குற்றம் என்கிறது. அதனை மூச்சைக் கொண்டு கண்டறியும் கருவியையும் குறிப்பிடுகிறது. அக்கருவியில் ஊத வேண்டும், உறிஞ்சுதல் கூடாது. 'பிரீத் ஆன்' என்பதும் வெளியே விடுதலே. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்முன் அதன்மேல் 'ஹா' என்று ஊதி ஆவி படரச் செய்கின்றோமே, அதுதான் 'பிரீத் ஆன் த கிளாஸ்'. ஆக, உள்ளே இழுத்தலைக் காட்டுவது 'இன்' ஒன்றே; 'அவுட்', 'இன்டு', 'ஆன்' ஆகிய மூன்றும் மூச்சு வெளியேறுவதையே காட்டுகின்றன. இந்த ஒரு வாய்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு இலத்தீன் வழிவந்த சொற்களும் உள. 'இன்ஹேல்' என்றால் உள்ளிழு. 'எக்ஸ்ஹேல்' என்றால் வெளிவிடு. இவை நூல்வழக்குச் சொற்கள். மருத்துவர் தம் குறிப்பேட்டில் 'இன்ஹேல்' என்று எழுதுவார். நோயாளியிடம் பேசும்போது 'பிரீத் இன்' என்பார். இலத்தீனில் சுவாசித்தலைக் குறிக்கும் மற்றொரு வினையிலிருந்து 'இன்ஸ்பயர்', 'எக்ஸ்பயர்' என்னும் சொற்கள் வந்தன. மருத்துவ நூலில் 'இன்ஸ்பிரேஷன்' என்றால் உட்சுவாசம். மக்கள் வழக்கில் அஃது உள்ளத்தில் புகும் எழுச்சி. 'எக்ஸ்பயர்' என்பது வெளிமூச்சு. அதிலிருந்து இறுதி மூச்சு. அதிலிருந்து காலங்கடந்து போதல். மருந்து அட்டையின் பின்புறம் 'எக்ஸ்பைரி டேட்' என்று தேடிப் பார்க்கின்றோமே, அம்மருந்து கடைசி மூச்சு விடும் நாளைத்தான் பார்க்கின்றோம். 'பிரெத்' என்னும் சொல்லுக்கோ பழைய ஆங்கிலத்தில் மணம், ஆவி என்பனவே பொருள். சுவாசம் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது.

உருவகமாக வழங்கும் தொடர்களும் சில உண்டு. புதிய ஊரின் அழகையும் அமைதியையும் ஆர அனுபவித்தலை 'பிரீத் இட் ஆல் இன்' என்பர். 'டோன்ட் பிரீத் எ வேர்ட்' என்றால் எவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாதே என்பது. நாமும் 'இதைப்பற்றி மூச்சு விடாதே' என்கின்றோம். இங்கு இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. 'ஹோல்டு யுவர் பிரெத்' என்று மருத்துவமனையில் சொன்னால், மூச்சை நிறுத்து என்று நேர்ப்பொருள். நண்பர் ஒருவர் 'டோன்ட் ஹோல்டு யுவர் பிரெத்' என்று சொன்னாலோ, அது விரைவில் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா என்பது குறிப்பு. இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

இதுவரை கண்டவற்றை ஒரு செயலில் வைத்துப் பார்ப்போம். ஆஸ்துமா நோயாளர்க்கு மருந்தை அளவாகத் தெளிக்கும் 'இன்ஹேலர்' 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டில் சிறுவர் முதல் முதியோர் வரை அதனைப் பயன்படுத்துகின்றனர். அழுத்தித் தெளிக்கும் வகையின் முறை இது. முதலில் கருவியைக் குலுக்க வேண்டும். பின்னர் 'பிரீத் அவுட்': கருவியை விலக்கி வைத்துக்கொண்டு மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். அடுத்து அதன் வாயை உதடுகளால் கவ்விக்கொண்டு, 'பிரீத் இன்': மெல்ல மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கி, அப்போதே மருந்துக் கலத்தை அழுத்தி, மேலும் ஆழமாக இழுக்க வேண்டும். அதன்பின் 'ஹோல்டு யுவர் பிரெத்': ஏறத்தாழ 10 வினாடி மூச்சை நிறுத்த வேண்டும். இறுதியில் மீண்டும் 'பிரீத் அவுட்'.

இவ்வரிசையில் 'இன்' வர வேண்டிய இடத்தில் 'அவுட்' செய்தால், மருந்து நுரையீரலைச் சேராது காற்றில் கலந்து வீணாகும். தூள் மருந்து வைத்து இழுக்கும் வகைக் கருவிக்கு மற்றோர் எச்சரிக்கை உண்டு: 'டூ நாட் பிரீத் அவுட் இன்டு த டிவைஸ்'. கருவிக்குள் மூச்சை விடாதீர் என்பது பொருள். விட்டால் மூச்சின் ஈரம் பட்டுத் தூள் கெட்டுவிடும். 'அவுட்', 'இன்டு' என்னும் இரு சிறுசொற்களும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் காணுங்கள். 'அவுட்' மூச்சு எங்கிருந்து வெளியேறுகிறது என்று சொல்கிறது. 'இன்டு' அஃது எங்கே புகுகிறது என்று சொல்கிறது.

மருந்து தரமானது, மருத்துவர் வல்லவர், நோயாளியும் தவறாது மருந்தை எடுத்துக்கொள்கிறார். ஆயினும் மூச்சுத்திணறல் குறையவில்லை. இத்தகைய நிலையில், மருந்தை மாற்றுவதற்கு முன் கருவியைக் கையாளும் முறையைச் சரிபார்ப்பது மருத்துவர் வழக்கம். சில வேளைகளில் குறை மருந்திலும் இராது, நோயிலும் இராது. அறிவுரைத் தாளில் இருந்த ஒரு சிறுசொல்லை யாரும் எடுத்துச் சொல்லாததில் இருக்கும்.

ஆகையால் நேயர்களுக்கு நாம் கூறிக்கொள்வது இரண்டு. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் 'பிரீத்' என்ற சொல்லைத் தனியே கற்பியாமல், 'இன்', 'அவுட்' இரண்டையும் உடன் சேர்த்து, மாணவரை மூச்சு இழுக்கவும் விடவும் செய்தே கற்பிக்கலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் பாடம். ஆயுள் முழுவதும் மறவாது. இரண்டாவது, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இளையோர் முதல் நாளே வீட்டில் இச்சொற்களை அவர்களுக்குச் சொல்லிப் பழக்கலாம். 'இன் என்றால் உள்ளே, அவுட் என்றால் வெளியே; வேறொன்றும் கேட்க வேண்டா, அம்மா' என்று சொன்னால் போதும். கதவுக்கு அப்பால் அவர்கள் தனியே நிற்கும்போது, மொழி தெரியாத இடத்தில் அவ்விரு சொற்களும் உடன் நின்று உதவும்.